ஸ்டீயரிங் நடுங்குதா, சீட் நடுங்குதா? மலை இறங்கிய வண்டியும் ஒர்க்‌ஷாப் பில்லும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் கல்வராயன் மலை. மேகம் அருவி, பெரியார் அருவி என்று சுற்றிவிட்டு ஞாயிறு மாலை இறங்கும் வண்டிகளில் சில, திங்கள்கிழமை காலை ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும். புகார் பெரும்பாலும் ஒரே வரிதான்: "அண்ணே, 80-ல போனா வண்டி ஆடுது."

செலவு அந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கிறது. "அலைன்மென்ட் பாத்துடலாம் தம்பி" என்று முதல் பில். ஆட்டம் நிற்காது. "டயர் தேஞ்சிருக்கு" என்று இரண்டாவது பில். அதற்கும் நிற்காது. "சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் போயிருக்கு" என்று மூன்றாவது. மூன்று பில் கட்டிய பிறகும் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் 80-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் அதே மாதிரி நடுங்கும். இதில் எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுக்காரர் இல்லை. பல நேரங்களில் எங்கே, எப்போது நடுங்குகிறது என்று யாரும் கேட்காமலேயே பாகம் மாற்றப்படுகிறது. நாமும் சொல்வதில்லை.

மலை மேல் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் பெரிது. வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர் ரிப்பேர் சரியில்லை என்று இரண்டாவது முறை கீழே இறங்கி வந்தால் ஒரு நாள் வேலை போச்சு, டீசல் காசு தனி. ஆட்டத்தோடு மலை இறங்குவதே ஆபத்து என்பது வேறு விஷயம்.

எண்ணினால் பாதி வேலை முடிந்தது

வண்டியில் சுற்றுகிற ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வேகத்தில் சுற்றுகிறது. அதனால் அதிர்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. சின்ன கார்களில் பரவலாக இருக்கும் 175/65 ஆர்14 டயர் ஒரு சுற்றில் சுமார் 1.83 மீட்டர் ஓடும். 80 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்குச் சுமார் 12 சுற்று. அந்தச் சக்கரத்தில் கோளாறு இருந்தால் உங்கள் கைக்குத் தெரிவது விநாடிக்கு 12 உலுக்கல். அது கண்ணாலும் பார்க்கக்கூடிய நடுக்கம்.

இன்ஜின் கதை வேறு. ஐடிலில் 800 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 13 சுற்று. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, அதாவது விநாடிக்கு 27 வரை. மூன்று சிலிண்டரில் 20. குறைந்த எண்ணிக்கையில் தட்டுவதால் மூன்று சிலிண்டர் கார்கள் சிக்னலில் நிற்கும்போது கொஞ்சம் அதிகமாகவே உதறும். அது பிறவிக் குணம், ரிப்பேர் இல்லை. போன மாதத்தைவிட இந்த மாதம் உதறல் கூடியிருக்கிறதா, ஏசி போட்டால் டேஷ்போர்டே கடகடக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்படியானால் இன்ஜின் மவுன்ட் பக்கம் பார்க்கணும்.

மலையில் அதிகம் ஓடும் பின்சக்கர இழுவை ஜீப் வகை வண்டிகளில் இன்னொரு பாகம் சேர்கிறது: கியர்பாக்ஸிலிருந்து பின்னால் டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். டிஃபரன்ஷியல் விகிதம் ஏறக்குறைய 4 என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் நாலு சுற்று சுற்றும். 80 கி.மீ. வேகத்தில் அந்த வண்டியின் பெரிய டயர் விநாடிக்கு 10 சுற்று, ஷாஃப்ட் 40. நாற்பது உலுக்கலை உடம்பு தனித்தனியாக உணராது. தரைக்கடியில் 'ஹூம்ம்' என்று ஒரு ரீங்காரமாகத்தான் காதுக்கு வரும்.

ஆக, மெக்கானிக்கிடம் போகும் முன் கவனிக்க வேண்டியது மூன்று. அதிர்வு வண்டி வேகத்தோடு மாறுகிறதா, இன்ஜின் வேகத்தோடு மாறுகிறதா? எங்கே தெரிகிறது: ஸ்டீயரிங்கிலா, சீட்டிலா, பிரேக் பெடலிலா? எதைச் செய்தால் கூடுகிறது, குறைகிறது?

முதல் கேள்விக்குச் சுலபமான வழி இருக்கிறது. ஆட்டம் வந்தபோது டேகோமீட்டர் 2,500-ல் இருந்ததா? வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் அதே 2,500-க்கு ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். நின்ற இடத்திலேயே நடுங்கினால் கோளாறு இன்ஜின் பக்கம். நடுங்கவில்லை என்றால் பெரும்பாலும் சக்கரப் பக்கம். சிலர் ஓடும்போதே நியூட்ரலில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மலை இறக்கத்தில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். இன்ஜின் பிடிப்பு போய், முழு எடையும் பிரேக் மேல் விழும்.

ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டும் தரையும் நடுங்கினால் பின்சக்கரம் அல்லது ஷாஃப்ட். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் உதறி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் வெளிப்பக்க ஜாயின்ட். முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் வண்டி உதறினால் கிளட்ச், அல்லது மவுன்ட்.

சேற்றுக்குப் பில் இல்லை

80-க்கு மேல் ஸ்டீயரிங் நடுக்கம் என்றால் முதல் சந்தேகம் வீல் பேலன்ஸ். ரிம்மில் ஒரு பக்கம் வெறும் 20 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் அது அரை கிலோ விசையாகச் சக்கரத்தை இழுக்கும். 80-ல் இரண்டு கிலோவுக்கு மேல். 100-ல் மூன்று கிலோவைத் தாண்டும். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. ஊருக்குள் ஒன்றும் தெரியாமல், நெடுஞ்சாலை ஏறியதும் ஆட்டம் வருவது அதனால்தான்.

அந்த 20 கிராம் எங்கிருந்து வரும்? ஒட்டவைத்த பேலன்ஸ் எடைக்கட்டி விழுந்திருக்கலாம். மழை நாளில் மலைப்பாதையில் ஓரம் கட்டி நிறுத்திய வண்டியின் ரிம் உள்பக்கம் சேறு அப்பி, காய்ந்து கெட்டியாகியும் இருக்கலாம். எனவே ஒர்க்‌ஷாப் போகும் முன் சக்கரத்தின் உள்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிப் பாருங்கள். வண்டி ரிப்பேரில் இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

கழுவியும் போகவில்லை என்றால் பேலன்சிங். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மெஷினில் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று கடைக்காரர் கழற்றிவிடுவார். ஆனால் பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம்மையும், உள்ளே பெல்ட் விட்டுப்போன டயரையும்கூட எடை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முடியும். எடை சமமாகும், வட்டம் வட்டமாகாது. "அண்ணே, ஒரு ஸ்க்ரூடிரைவரை ரிம் ஓரமா பிடிச்சு, சக்கரத்தை மெதுவா சுத்திக் காட்டுங்க" என்று கேளுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் பெண்டு. டயர் பக்கவாட்டில் முட்டி மாதிரி வீக்கம் தெரிந்தால் அந்த டயரில் மலை ஏறவே கூடாது, அன்றைக்கே மாற்றணும்.

இன்னொரு சோதனை: முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஸ்டீயரிங்கில் இருந்த நடுக்கம் சீட்டுக்குப் போய்விட்டால் குற்றவாளி அந்தச் சக்கரம்தான். சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம்.

அலைன்மென்ட்? அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நேரடியாக அது நடுக்கம் தராது. கெட்ட அலைன்மென்டில் பல ஆயிரம் கி.மீ. ஓடி டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்த பிறகு வரும் நடுக்கம், அலைன்மென்ட் செய்தாலும் போகாது. ஆட்டத்துக்கு முதல் மருந்தாக அலைன்மென்டை எழுதிக் கொடுப்பது வெறும் பழக்கம், அவ்வளவுதான்.

பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்கினால்

இது மலைப்பாதைக்கே உரிய நோய். 1,100 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி சுமார் 54 லட்சம் ஜூல். 18 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினால் இதில் ஒரு பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டாப் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பெரும்பகுதி பிரேக் மேலேதான்.

கொதித்த டிஸ்க்கோடு அடிவாரத்தில் வந்து நின்று, பெடலை அழுத்தியபடியே இருந்தால், பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் பேடைத் தள்ளும். பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் 'தட தட'. டிஸ்க் தடிமனில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே கால் உணர்ந்துவிடும். "டிஸ்க் வளைஞ்சுபோச்சு சார்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வதில் பாதி இதுதான், வளைவே இருக்காது. பல சமயம் லேத்தில் லேசாகக் கடைந்தாலே சரியாகிவிடும். ஆனால் குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். கடைந்த பிறகு அதற்குக் கீழே போனால் புது டிஸ்க்தான். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் அது நடுக்கத்தைவிடப் பெரிய அபாயம். ஓரம் கட்டி, ஆறவிட்டு, பிரேக் ஆயிலைப் பார்க்காமல் நகரக் கூடாது. மணல், ஜல்லி மேல் சடன் பிரேக் அடிக்கும்போது கால் அடியில் வேகமாக உதைப்பது ஏபிஎஸ் வேலை செய்வது, அது கோளாறு இல்லை.

ரிப்பேருக்குப் பின் வந்த ஆட்டம்

வேலைக்கு விடும் முன் இல்லாத நடுக்கம் வேலை முடிந்து வந்ததும் இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த வேலையைத்தான். சில ரிப்பேர்கள் தங்கள் கையெழுத்தை விட்டுவிட்டுப் போகும்.

டயர் மாற்றிய இடத்தில் ஏர் கன்னை வைத்து நட்டுகளை ஒரே ஓட்டமாக இறுக்கியிருப்பார்கள். நட்சத்திர வரிசையில், எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டிய வேலை அது. எவ்வளவு என்று வண்டிக் கையேட்டில் இருக்கும். சின்ன கார்களில் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டர் பக்கம். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்றால் டிஸ்க் சாய்ந்து உட்காரும், சில ஆயிரம் கி.மீ. கழித்து பிரேக் நடுக்கம் வரும். அப்போது டயர் கடை யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஹப்பில் துரு இருந்து சக்கரம் முழுசாகப் பொருந்தாமல் போவதும் உண்டு. இதற்கெல்லாம் மேல், நட்டு தளர்வாக இருந்தால் ஆட்டம் கி.மீ.க்கு கி.மீ. கூடிக்கொண்டே போகும். அந்த அறிகுறி தெரிந்தால் "வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது, அங்கேயே நிறுத்துங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும் 50–100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்வது நல்லது.

ஜீப் வகை வண்டிகளில் கிளட்ச் வேலைக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றுவார்கள். அதன் இரண்டு முனை ஜாயின்ட்களும் ஒன்றுக்கொன்று நேர்க்கோட்டில் இருக்கணும். கழற்றும் முன் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, மாட்டும்போது அதே கோட்டுக்குச் சேர்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். கோடு போடாமல் ஒரு பல் தள்ளி மாட்டினால், நேற்றுவரை இல்லாத ரீங்காரம் இன்று வரும். அதற்குப் புது கிராஸ் ஜாயின்ட் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். கழற்றிச் சரியாக மாட்டச் சொல்லுங்கள்.

பைக்கில் மலை ஏறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று பிடித்து நின்றால் கோன்செட் போய்விட்டது. பின்னால் ஆட்டம் என்றால், செயின் டைட் பண்ணும்போது இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வைத்தார்களா என்று ஆக்சில் பக்கத்துக் குறிகளைப் பாருங்கள்.

போனையே சாட்சி ஆக்கலாம்

உங்கள் போனில் இருக்கும் அதிர்வு சென்சார் இந்த வேலைக்குப் போதும். ஜெர்மனியின் ஆகன் நகர பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபைஃபாக்ஸ்' செயலியில், அதிர்வு விநாடிக்கு எத்தனை முறை என்று காட்டும் வசதி உண்டு. போனை ஸ்டாண்டில் வைக்காதீர்கள், ஸ்டாண்டே ஆடும். நடுவில் உள்ள கன்சோலில் படுக்க வைத்து, ஓட்டுபவர் அல்லாமல் பக்கத்தில் இருப்பவர் பதிவு செய்யட்டும். நேரான சாலையில், ஒரே வேகத்தில், ஒரு நிமிடம். 80-ல் 12 அருகே ஒரு முகடு, 100-ல் அது 15-க்கு நகர்ந்தால் சக்கரம். 80-லேயே கியரை மாற்றியதும் முகடு இடம் மாறினால் இன்ஜின் பக்கம். ரிப்பேருக்கு முன் ஒன்று, பின் ஒன்று ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தால், "உங்களுக்கு மனப்பிரமை சார்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஜாப் கார்டில் என்ன எழுதுவது?

பணம் போவதும் மிச்சமாவதும் இங்கேதான். "வீல் அலைன்மென்ட் செய்யவும்" என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அலைன்மென்ட் செய்ததோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. ஆட்டம் நிற்காதது உங்கள் தலைவலி. நீங்கள் எழுதச் சொல்ல வேண்டியது மருந்தை அல்ல, நோயை: "80–90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுக்கம், பிரேக் பிடிக்காதபோதும். சரிசெய்து தரவும்." அப்படி எழுதினால், நடுக்கம் நின்றால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். எஸ்டிமேட்டுக்கு மேல் போனால் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டும் முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே நெடுஞ்சாலையில், அதே வேகத்தில் ஒரு டிரையல்.

சின்ன ஷெட்டுகளில் ஜாப் கார்டு இருக்காது. வாட்ஸ்அப்பில் "அண்ணே, இந்த ஆட்டத்துக்குத்தான் வண்டி விடுறேன்" என்று ஒரு வரி, கிலோமீட்டர் ரீடிங்கோடு ஒரு போட்டோ. அதுவே ஜாப் கார்டு.

சரியாகவில்லை என்றால், நேராக வேறு ஷெட்டுக்கு ஓட வேண்டாம். முதலில் வேலை செய்த இடத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒரு வாய்ப்பு கொடுங்கள். பெரும்பாலான தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். அந்த மெக்கானிக் நாளைக்கும் உங்களுக்கு வேண்டும், உங்கள் வாய்ச்சொல் அவருக்கு வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டாவது இடத்தில் பிரித்துப் பார்க்கும் முன் போட்டோ, வீடியோ எடுத்து, என்ன தவறு என்று அவர்கள் லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். பிரித்துப் போட்ட பிறகு முதல் கடையின் தவறை நிரூபிப்பது கஷ்டம்.

பணம் கட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாமா? முடியாது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, உழைப்பும் திறமையும் போட்டு வேலை செய்தவர் கூலி கிடைக்கும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆகவே பில்லிலேயே "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, பணத்தைக் கட்டி, வண்டியை எடுத்துவிட்டு, பிறகு கேட்பதே புத்திசாலித்தனம்.

கேட்பதற்கு இடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி, ஒர்க்‌ஷாப் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சென்னையில் வேலை பார்ப்பவர் ஊருக்கு வந்தபோது செய்த ரிப்பேருக்குச் சென்னையிலேயே போடலாம். நீங்கள் கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2025 ஜனவரி முதல் இருக்கும் 'இ-ஜாக்ரிதி' தளத்தில் போனிலிருந்தே மனு போடலாம். பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

வாடகைக்கு ஜீப் ஓட்டுகிறவர்கள் "நம்ம வண்டி கமர்ஷியல், நமக்குச் சட்டம் இல்ல" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் ஒருவர் வண்டி வைத்து ஓட்டினால் அவரும் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்துத் தொழில் நடத்துபவருக்குத்தான் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்வது நல்லது. கார் முழுவதையும் மாற்றித் தரச் சொல்லும் வழக்குகள் சுலபமாக ஜெயிப்பதில்லை. மாருதி நிறுவனம் தொடர்பான 2006-ம் ஆண்டுத் தீர்ப்பில், கெட்ட பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரன்டி என்றால் முழு வண்டியையும் மாற்ற உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்ஜினில் வரும் சத்தம் குறித்து ஃபியட் நிறுவனத்துக்கு எதிராக நடந்த வழக்கில், 2010-ல், சார்பில்லாத தொழில்நுட்ப நிபுணர் வண்டியைப் பார்த்து உற்பத்திக் குறை என்று சொன்னால் பணத்தைத் திருப்பித் தரணும் என்றது. இரண்டிலிருந்தும் ரிப்பேர் வழக்குக்குக் கிடைப்பது இதுதான்: "வண்டி ஆடுது" என்ற சொல் போதாது, ஏன் ஆடுகிறது என்று தெரிந்த ஒருவரின் எழுத்து வேண்டும். 600 ரூபாய் பேலன்சிங்குக்கு யாரும் ஆணையம் போக மாட்டார்கள், போகவும் தேவையில்லை. கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் என்று ஆயிரக்கணக்கில் போன வேலைக்குப் போகலாம்.

வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம். ஆனால் தெர்மல் பேப்பரில் அடித்த பில், வெயிலில் டேஷ்போர்டில் கிடந்தால் சில மாதத்திலேயே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, வண்டி நம்பர் போட்டு ஒரு ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள்.